காந்தாரிக்குக் கிடைக்காத பதில்

கடவுள்மீது குற்றம் சாட்ட யாருக்கு உரிமை உண்டு? அடியார்கள் அந்த உரிமையைத் தாராளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊடியிருக்கிறார்கள், ஏசியிருக்கிறார்கள், நிந்தையையே துதியாகப் பாடியிருக்கிறார்கள். அவையெல்லாம் அன்புக்குள் நடக்கும் பிணக்குகள். தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையோடு தொடங்குபவை. தண்டனை கோரும் குற்றச்சாட்டு வேறு வகை. பாரதப் போர் ஓய்ந்த களத்தில் நின்று காந்தாரி கண்ணன்மீது வைப்பது அந்த வகைக் குற்றச்சாட்டு. சுதந்திர இந்தியாவில் அதை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தது தர்மவீர் பாரதியின் 'அந்தா யுக்' என்ற இந்திச் செய்யுள் நாடகம். 1954-இல் வெளிவந்த இந்நாடகம் பதினெட்டாம் நாள் போர் முடியும் மாலையில் தொடங்கி, பிரபாசத்தில் கண்ணன் வேடனின் அம்பு பட்டு இறப்பதோடு முடிகிறது. நவீன இந்திய நாடகத்தில் துன்பியலின் முழு உயரத்தைத் தொட்ட படைப்பு எது என்று கேட்டால் பலரும் முதலில் சொல்லும் பெயர் இது. அதன் உச்சம் காந்தாரியின் சாபம். அந்தச் சாபத்தைப் பற்றி எனக்கு ஒரு வழக்கு உண்டு. மூல இதிகாசத்திலும் சரி, நாடகத்திலும் சரி, காந்தாரி கேட்டது ஒரு மனிதர் கேட்ட கேள்வியாக எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. மனைவியின் வல்லமையாக அது மதிக்கப்பட்டது, தாயின் வேதனையாக அணைத்துக்கொள்ளப்பட்டது. அவளுக்கு வணக்கம் கிடைத்தது, சாபம் பலிக்கும் ஆற்றல் கிடைத்தது, கண்ணீரும் கிடைத்தது. பதில் மட்டும் கிடைக்கவில்லை.

தில்லிக்கும் இந்த நாடகத்துக்கும் உள்ள உறவு தற்செயலானது என்று சொல்ல முடியாது. தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக 1962-இல் பொறுப்பேற்ற இப்ராஹிம் அல்காஜி, மறு ஆண்டே இதை ஃபிரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளில் திறந்தவெளியில் நிகழ்த்தினார். பிறகு 1974-இல் புராணா கிலாவின் மதில்களை அஸ்தினாபுரமாக்கினார். 2011-இல் பானு பாரதி மீண்டும் கோட்லாவுக்கே போனார். கோட்லாவில் நிற்பது அசோகரின் தூண். பதினான்காம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் தோப்ராவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியது. புராணா கிலாவோ இந்திரப்பிரஸ்தம் இருந்த இடமென்று நெடுங்காலமாக நம்பப்படுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அதன் மதிலுக்குள் இந்தர்பட் என்ற பெயரில் ஒரு கிராமம் இருந்தது. போருக்குப் பின் அறம் பேசிய அரசனின் கல்லுக்கு அருகிலும், பாண்டவர் நகரமென்று மக்கள் நம்பும் மண்ணிலும் நின்று ஒரு பெண் கடவுளைக் குற்றவாளி என்கிறாள். அந்தக் காட்சியின் கனத்தைக் கூட்ட வேறு அரங்கப் பொருள் எதுவும் தேவையில்லை.

நாடகத்தின் பாத்திரப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று உடனே தெரிகிறது. அசுவத்தாமன், திருதராட்டிரன், விதுரன், சஞ்சயன், யுயுத்சு, கிருபர், கிருதவர்மன், தருமன், பலராமன், வியாசர், யாசகக் கிழவன், இரண்டு காவலர்கள், ஊமை வீரன் ஒருவன். இத்தனை ஆண்களுக்கு நடுவில் காந்தாரி ஒருத்தியே பெண். திரௌபதி இல்லை, குந்தி இல்லை. பிரம்மாத்திரம் குறிவைத்தது உத்தரையின் வயிற்றை. அவளும் மேடையில் இல்லை. கௌரவ மருமகள்கள் நாடகத்தின் தொடக்கத்திலேயே வருகிறார்கள், ஆனால் காவலர் வாயில் மட்டும். மணிகள் இழைத்த தரையில் மணம் வீச மெல்ல நடந்தவர்கள் இப்போது விதவைகள் என்று காவலர்கள் பேசிக்கொள்கிறார்கள். அழகு ஒரு வரி, கைம்மை ஒரு வரி. அதற்கு மேல் அந்தப் பெண்களுக்கு நாடகத்தில் இடமில்லை. ஆகவே போரில் பெண்கள் பட்டது என்ன என்பதைச் சொல்லும் முழுப் பொறுப்பும் காந்தாரியின் தலையில் விழுகிறது.

அந்தப் பொறுப்பை அவள் சுமக்கும்படி தர்மவீர் பாரதி அவளை ஓரிடத்தில் துணிச்சலாக மாற்றி எழுதியிருக்கிறார். ஆதிபருவத்துக் காந்தாரி, தனக்கு வரப்போகும் கணவன் பார்வையற்றவன் என்று கேட்டதும் துணியைப் பல மடிப்பாக மடித்துத் தன் கண்களைக் கட்டிக்கொள்கிறாள். கணவனை மிஞ்சக் கூடாது என்பது அவள் உறுதி. பத்தினி இலக்கணத்துக்கு உதாரணமாக நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் செயல் இது. பாரதியின் காந்தாரி இதற்கு வேறு காரணம் சொல்கிறாள். வெளியுலகம் தனக்கு நன்றாகத் தெரியும், தருமம், நீதி, மரியாதை எல்லாம் வெறும் ஆடம்பரம், முடிவெடுக்கும் நொடியில் மனிதனுக்குள் இருக்கும் குருட்டு விலங்கே வெல்கிறது, அந்தப் பாசாங்கைப் பார்க்க விரும்பாமல் தன் விருப்பத்தாலேயே கண்ணைக் கட்டிக்கொண்டேன் என்கிறாள். கணவனுக்காகச் செய்தது உலகத்துக்கு எதிரான தீர்ப்பாகிவிடுகிறது. ஐராவதி கார்வேயும் 1967-இல் வந்த 'யுகாந்த' நூலில் அந்தக் கட்டுத்துணியைப் பணிவின் அடையாளமாக மட்டும் ஏற்க மறுத்து, அதற்குள் ஏமாற்றப்பட்ட பெண்ணின் கோபத்தைக் கண்டார். இந்தி நாடகாசிரியரும் மராட்டி மானுடவியலாளரும் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரே துணியைச் சந்தேகத்தோடு தொட்டுப் பார்த்தது கவனிக்கத்தக்கது.

சாபத்திலும் இதே மாற்றம் நிகழ்கிறது. இதிகாசத்தின் பதினோராவது பருவமான ஸ்திரீ பருவத்தில் காந்தாரி சபிக்கும்போது, கணவனுக்குப் பணிவிடை செய்து சேர்த்த தவத்தின் பேரால் சபிக்கிறாள். அவள் சொல்லுக்கு வலிமை அவளிடமிருந்து நேராக வரவில்லை. திருதராட்டிரன் வழியாகச் சுற்றி வருகிறது. பாரதியின் காந்தாரி கணவனை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுகிறாள். தன்னைத் தபஸ்வினி என்று சொல்லி, தன் வாழ்நாள் புண்ணியங்களையும் முற்பிறவிப் புண்ணியங்களையும் துணைக்கழைத்துச் சபிக்கிறாள். உரிமை அவளுடையது, கணக்கும் அவளுடையது. நாடகம் முழுவதிலும் பெண்ணின் ஆன்மிகத் தகுதியைப் பற்றிய மிக முக்கியமான வரி இதுதான் என்று நினைக்கிறேன். மனைவி என்ற கட்டை நாடகாசிரியர் அவிழ்த்துவிட்டார்.

இனிக் குற்றச்சாட்டைப் பார்ப்போம். ஸ்திரீ பருவத்தில் அது ஆத்திரப் பேச்சாக இல்லை, சட்ட வாதம்போல அடுக்கப்பட்டிருக்கிறது. உனக்கு ஆற்றல் இருந்தது, ஆள்பலமும் படைபலமும் இருந்தன, இரு தரப்பும் கேட்கும் சொல்வன்மை இருந்தது. இவ்வளவும் இருந்தும் தெரிந்தே இந்த அழிவைக் கண்டும் காணாமல் விட்டாய் என்கிறாள். செய்த குற்றம் என்று அவள் சொல்லவில்லை. தடுக்கக்கூடியவன் தடுக்காத குற்றம் என்கிறாள். சர்வ வல்லமையும் கருணையும் உள்ள கடவுள் இருக்கத் தீமை ஏன் நிகழ்கிறது என்று உலகின் சமயத் தத்துவங்கள் எல்லாம் முட்டிக்கொண்டிருக்கும் கேள்வியை இதைவிடச் செறிவாகக் கேட்க முடியாது. வாதத்துக்கு முன் சாட்சியமும் தருகிறாள். வியாசர் அருளிய ஞானப் பார்வையால் களம் முழுவதையும் பார்த்து, பிணங்களையும் அவற்றைத் தேடி அலையும் பெண்களையும் ஒவ்வொருவராகக் கண்ணனுக்குக் காட்டுகிறாள். அவள் காட்டுவது தன் மருமகள்களை மட்டுமில்லை. அபிமன்யுவின் உடலைத் தடவும் உத்தரையைக் காட்டுகிறாள். விராடன் மனைவியரையும் துருபதன் மனைவியரையும் காட்டுகிறாள். துரோணரின் உடலருகே கிருபியையும், ஜயத்ரதனின் தலையைத் தேடி ஓடும் தன் மகள் துச்சலையையும் காட்டுகிறாள். பகைவர் வீட்டு விதவைகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

இதற்கு இதிகாசக் கண்ணன் சொல்வது என்ன? இலேசாகச் சிரிக்கிறான். நீ சொல்வது எனக்கு முன்பே தெரியும், விருஷ்ணிகளை என்னைத் தவிர வேறு யாரும் அழிக்க முடியாது, நடக்கவிருப்பதையே நீ சொல்கிறாய் என்கிறான். அவளுடைய சாபம் அவன் திட்டத்தின் ஒரு வரியாகிவிடுகிறது. அடுத்து, எழுந்திரு, அழாதே, உன் குற்றத்தால்தான் குருகுலம் அழிந்தது என்கிறான். அதன் பிறகு வருவதைப் படித்துவிட்டு எளிதில் கடந்துபோக முடியாது. பிராமணப் பெண் தவம் செய்யும் பிள்ளையைப் பெறுகிறாள், பசு பாரம் சுமக்கும் கன்றைப் பெறுகிறது, குதிரை ஓடும் குட்டியை ஈனுகிறது, சூத்திரப் பெண் ஏவல் செய்பவனையும் வைசியப் பெண் மாடு மேய்ப்பவனையும் பெறுகிறார்கள், உன்னைப் போன்ற அரசகுலப் பெண் வெட்டுப்பட்டுச் சாவதற்கென்றே பெறுகிறாள் என்கிறான். நூறு பிள்ளைகளை இழந்தவளிடம் சொல்லப்படும் சொல் இது. பெண்ணின் வயிறு அதனதன் குலத்துக்கு வேண்டிய சரக்கை விளைவிக்கும் நிலம் என்ற எண்ணம் இவ்வளவு அப்பட்டமாக வேறெங்கும் வெளிப்பட்டதாகத் தெரியவில்லை. காந்தாரி அதைக் கேட்டு மௌனமாகிவிடுகிறாள். அவள் கேட்டது உன் பொறுப்பு என்ன என்று. அவளுக்குச் சொல்லப்பட்டது உன் வயிற்றின் வேலை என்ன என்று.

இதே குற்றச்சாட்டை இதிகாசத்தில் இன்னொருவரும் கண்ணன்மீது வைக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டால்தான் இந்தப் பதிலின் தன்மை முழுதாகப் புரியும். அசுவமேத பருவத்தில், துவாரகைக்குத் திரும்பும் கண்ணனை வழியில் உதங்க முனிவர் சந்திக்கிறார். போரில் எல்லாரும் மாண்டார்கள் என்று தெரிந்ததும், தடுக்கும் ஆற்றல் இருந்தும் தடுக்காத உன்னைச் சபிப்பேன் என்கிறார். குற்றச்சாட்டு ஒன்றே, எழுப்புபவர் மட்டும் வேறு. இப்போது கண்ணன் சிரித்துத் தள்ளவில்லை. பொறுமையாக உட்கார்ந்து பேசுகிறான். சமாதானத்துக்குத் தான் முயன்றதையும் அவர்கள் கேளாததையும் சொல்கிறான். தன் உண்மை இயல்பை விளக்குகிறான், எந்தப் பிறவியில் இருக்கிறேனோ அந்தப் பிறவிக்குரியபடியே நடக்கிறேன் என்று அவதாரத்தின் தத்துவத்தைச் சொல்கிறான். முனிவர் கேட்டுக்கொண்டதும் அர்ச்சுனனுக்குக் காட்டிய பேருருவத்தையே காட்டுகிறான். கடைசியில் வரமும் தருகிறான். முனிவரின் சாபம் பலிக்காது என்று எச்சரிப்பதும் அங்கே உண்டு. காந்தாரியின் சாபமோ முப்பத்தாறாம் ஆண்டில் அப்படியே பலிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பங்கீடு தெளிவாகத் தெரிகிறது. பெண்ணுக்கு வல்லமை, ஆணுக்கு விளக்கம். அவள் சொல் கடவுளைக் கொல்லும் அளவுக்கு வலியது. ஆனால் கடவுள் உட்கார்ந்து உரையாடும் அளவுக்குத் தகுதியுடையதாக அது எண்ணப்படவில்லை.

தர்மவீர் பாரதி இந்தக் கொடிய பதிலைத் தன் நாடகத்திலிருந்து நீக்கிவிட்டார். அது அவருடைய பெரிய மனம். அவருடைய கண்ணன் சிரிப்பதில்லை, பழிப்பதில்லை. மேடையில் குரலாகவே பெரும்பாலும் வரும் அவன் காந்தாரியைத் தாயே என்றழைக்கிறான். நான் கடவுளே ஆனாலும் உன் மகன் என்கிறான். பதினெட்டு நாட்களிலும் வீழ்ந்த ஒவ்வொருவனிலும் மடிந்தவன் நானே, வாழ்வு நானென்றால் சாவும் நானே என்று சொல்லிச் சாபத்தை ஏற்றுக்கொள்கிறான். அதைக் கேட்டதும் காந்தாரி உடைகிறாள். நூறு பிள்ளைகளுக்காகவும் அழாதவள் கண்ணனுக்காக அழுகிறாள். என் சாபத்தை நீ மறுத்திருந்தால் நான் வருந்தியிருப்பேனா, பிள்ளைகளை இழந்த கசப்பில் சொல்லிவிட்டேனே என்று தவிக்கிறாள். எந்த அரங்கிலும் பார்வையாளரை அசைக்கும் இடம் இது. ஆனால் என்ன நடந்துவிட்டது என்று பாருங்கள். தன் புண்ணியத்தின் பேரில், தன் பெயரால் வழக்குத் தொடுத்தவள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். தடுத்திருக்கலாமே என்ற கேள்வி கண்ணீரில் கரைந்துவிட்டது. மனைவி என்ற கட்டை அவிழ்த்த நாடகாசிரியர் தாய் என்ற கட்டைப் போட்டுவிட்டார். முதல் கட்டு பார்வையை மறைத்தது, இரண்டாவது கட்டு வாதத்தை மறைக்கிறது. இந்த முடிவுக்கான தயாரிப்பு முதல் அங்கத்திலேயே இருக்கிறது. காந்தாரி கண்ணனை வஞ்சகன் என்று சொன்னதுமே, நல்லவனான விதுரன் பதறிப்போய், இது நிராசையின் கசப்பில் பிறந்த அவநம்பிக்கை, மன்னித்துக்கொள் பிரபு என்று அவளுக்காக வேண்டுகிறான். அவள் என்ன சொல்கிறாள் என்பதை அவன் கேட்கவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டான். அன்புள்ள ஆண்கள் பெண்ணின் வாதத்தை இப்படித்தான் பலமுறை செலவு எழுதிவிடுகிறார்கள். சாட்சியமும் சுருங்கிவிட்டது. இதிகாசத்தில் இரு தரப்பு விதவைகளையும் காட்டி வாதாடியவள் நாடகத்தில் துரியோதனனின் எலும்புக்கூட்டைப் பார்த்துச் சபிக்கிறாள். ஒரு தலைமுறைப் பெண்களின் வழக்கு ஒரு தாயின் வழக்காகிவிட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காந்தாரிக்கு இந்தக் கேள்வியைக் கேட்கத் தகுதியே இல்லை என்பது அது. கண்ணைக் கட்டிக்கொண்டவள் தன் பிள்ளைகள் வளர்ந்த விதத்தையும் பார்க்காமல் விட்டாள், அவையில் திரௌபதி இழுத்துவரப்பட்டபோது அந்த அரண்மனையில்தான் இருந்தாள், துரியோதனனின் அக்கிரமத்தை விட்டுவிட்டுக் கண்ணனின் தந்திரத்தை மட்டும் எண்ணுகிறாள் என்பார்கள். நாடகமும் இதற்கு ஆதாரம் தருகிறது. பணிப்பெண் வயிற்றில் பிறந்து, அறம் பாண்டவர் பக்கமென்று அங்கே நின்று போரிட்டுத் திரும்பிய யுயுத்சுவை அவள் சொல்லால் குத்துகிறாள். சொந்தச் சகோதரரைக் கொன்ற கைகள் களைத்தனவா என்று கேட்கிறாள். அவனுடைய அழிவில் அவளுக்கும் பங்கு உண்டு. உறங்குபவர்களை வெட்டிக் கொன்ற அசுவத்தாமனின் உடலைத் தன் பார்வையால் வச்சிரமாக்க விரும்புகிறாள். தாய்மை தன்னளவில் நியாயமானது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் மறக்கக் கூடாது. நானும் அவளைக் குற்றமற்றவளாகக் காட்ட முயலவில்லை. ஆனால் தகுதி பற்றிய இந்த மறுப்பு ஒரு நிபந்தனையை ரகசியமாக நுழைக்கிறது: பெண் மாசற்றவளாக இருந்தால்தான் அவள் கேள்வி செல்லும். கேள்வி சரியா தவறா என்பது கேட்பவரின் தூய்மையைப் பொறுத்ததாக எந்தத் தருக்க நூலும் சொல்லவில்லை. தூதுபோன அவையில் கண்ணன் பேசியதை யாரும் அவனுடைய ஒழுக்கத்தை அளந்துபார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

அது மட்டுமின்றி, மூலத்தின் காந்தாரி தன் பங்கை மறைத்தவளும் இல்லை. இரண்டாம் சூதுக்கு முன் துரியோதனனைக் கைவிட்டுவிடும்படி திருதராட்டிரனிடம் சொன்னவள் அவள். உத்தியோக பருவத்தில் அவைக்கு அழைக்கப்பட்டபோது மகனைக் கண்டிப்பதற்கு முன் கணவனையே குற்றம் சொன்னவள் அவள். போருக்குப் பின் திரௌபதியை அணைத்துக்கொண்டு, உனக்கு நேர்ந்ததே எனக்கும், நம்மைத் தேற்ற யார் இருக்கிறார்கள், இந்தக் குலம் என் குற்றத்தால் அழிந்தது என்று வாய்விட்டுச் சொன்னவளும் அவளே. தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் கண்ணனைக் குற்றம் சாட்டுகிறாள். அதே ஒப்புதலை எடுத்து அவள்மீதே எறிந்துவிட்டுத் தன் பங்கைப் பற்றி வாய்திறக்காதவன் கண்ணன்தான். நாடகத்தில் இந்தக் காட்சிகள் இல்லாமல் போனதால் அவள் வெறும் புத்திர பாசத்தின் உருவமாகிவிட்டாள். மேடையில் பார்த்துவிட்டு அவளைப் பாசத்தால் கண்ணிழந்த தாய் என்று தீர்ப்பளிப்பவர்கள் நாடகம் ஏற்கெனவே வெட்டிக் கொடுத்த சாட்சியத்தை வைத்தே தீர்ப்பளிக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு இதைவிட ஆழமானது, மதிப்புக்குரியதும்கூட. பாரதியின் கண்ணன் பதில் சொல்லவில்லை என்பது உண்மையில்லை. துன்பத்துக்கு வெளியே நிற்கும் கடவுளில்லை நான், ஒவ்வொரு சாவையும் நானே செத்தேன் என்பதுதான் பதில் என்பார்கள். உலகப் போரும் பிரிவினையும் கண்ட தலைமுறைக்கு இதைவிட நேர்மையான இறையியல் கிடைக்காது என்றும் சொல்வார்கள். இந்தக் கருத்தின் அழகை நான் உணர்கிறேன். துன்புறும் கடவுளை வணங்குவது எளிது. ஆனாலும் இந்தப் பதில் யாரைக் கணக்கில் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். அது செத்தவர்களை எடுத்துக்கொள்கிறது. செத்தவர்கள் எல்லாரும் ஆண்கள், வீரர்கள். பிழைத்து நிற்பவர்கள்தான் பெண்கள். அவர்களுக்காகச் சாகக் கடவுளுக்கு வாய்ப்பே இல்லை, அவர்கள் சாகவில்லையே. விதவையாகவும் சிறைப்பட்டவளாகவும் வேறொருவன் வீட்டில் வாழ்பவளாகவும் நான் வாழ்ந்தேன் என்று அந்தக் கண்ணன் சொல்லியிருந்தால் அது வேறு பதில்.

தில்லியில் இந்த நாடகம் நடந்த இடங்களே இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டுகின்றன. 1947-இல் புராணா கிலா அகதி முகாமாக இருந்தது. முதலில் நகரத்து முஸ்லிம்கள் உயிருக்குப் பயந்து அங்கே அடைக்கலம் புகுந்தார்கள், பிறகு மேற்கிலிருந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து அதே மதிலுக்குள் அல்காஜியின் காந்தாரி சபித்தாள். பிரிவினையில் கடத்தப்பட்ட பெண்களுக்காக இந்திய அரசு 1949-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எல்லைக்கு அப்பால் குடும்பத்தைத் தொலைத்தவர்களைத் தேடி மீட்டு அனுப்புவதற்கான அந்தச் சட்டத்தில் கடத்தப்பட்டோர் யார் என்ற விளக்கம் இருக்கிறது. ஆண் என்றால் பதினாறு வயதுக்கு உட்பட்ட சிறுவன். பெண் என்றால் எந்த வயதினளும். பதினாறு வயதுப் பையனுக்குத் தன் இடம் எதுவென்று தெரியும் என்று நம்பிய சட்டம், நாற்பது வயதுப் பெண்ணுக்குத் தெரியும் என்று நம்பவில்லை. திரும்பிப்போக விருப்பமா என்ற கேள்விக்கு அங்கே சட்டத்தின் பலம் இல்லை. 1957 வரை அது நடப்பிலிருந்தது. சட்டம் இயற்றியவர்கள் கொடியவர்கள் இல்லை. பெண்களைக் காப்பாற்ற உண்மையாகவே நினைத்தவர்கள். விதுரனைப் போல. யாருடைய மகள், யாருடைய மனைவி, எந்தச் சமூகத்தின் மானம் என்பதையெல்லாம் கேட்டுவிட்டு, நீ என்ன சொல்கிறாய் என்பதைக் கேட்காமல் விட்டார்கள். 'அந்தா யுக்' எழுதப்பட்ட ஆண்டுகளில் இந்த மீட்பு வேலை நடந்துகொண்டிருந்தது. நாடகத்தின் போர்நாசம் பிரிவினையை நினைவூட்டுகிறது என்று எல்லா விமரிசகர்களும் சொல்கிறார்கள். அந்த நாசத்தில் பெண்ணின் சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்தே அது நினைவூட்ட வேண்டும்.

பழைய கதையை இன்றைய அளவுகோலால் அளக்கிறாய் என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை; அளவுகோல் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்கக் கணவனுக்கு உரிமை உண்டா என்று அவையைத் திணறடித்த திரௌபதியை நம் சுப்பிரமணிய பாரதியின் பாஞ்சாலி வழியாகத் தமிழர் எல்லாரும் அறிவோம். சாந்தி பருவத்தில் சுலபா என்ற துறவி ஜனகனோடு வாதிட்டு, ஆன்மாவில் ஆண் பெண் என்ற பேதமில்லை என்று நிறுவி, அரசனை வாயடைக்கச் செய்கிறாள். சுலபாவுக்குக் கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதனால்தானோ என்னவோ அவள் வாதம் வாதமாகவே கேட்கப்பட்டது. வீட்டுக்குள் வாழும் பெண்ணுக்கு இரண்டே மொழிகள் தரப்பட்டிருக்கின்றன: ஒப்பாரியும் சாபமும். காந்தாரி அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றைப் பேச முயன்றாள்.

தமிழில் இதன் மறுபக்கத்தைக் கண்ணகியிடம் பார்க்கலாம். மதுரையை எரித்த கற்பின் கனலைப் பற்றி நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். அதற்கு முன் அவள் சிலம்பை உடைத்து, உள்ளே இருந்தது முத்தில்லை, மாணிக்கம் என்று காட்டி வழக்கை வென்றாள் என்பது இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. பாண்டியன் அவளுடைய கற்புக்குப் பயந்து இறக்கவில்லை. தன் தீர்ப்பு தவறு என்று சான்றால் உணர்ந்து இறந்தான். அவனிடம் அவளுக்குப் பதில் கிடைத்தது. மன்னனிடம் கிடைத்தது கடவுளிடம் காந்தாரிக்குக் கிடைக்கவில்லை. காந்தாரியின் வழக்கைத் தமிழ்க் காவிய மரபு அதிகம் கேட்டதுமில்லை. நம்மிடம் பெரிதும் பயிலப்படும் வில்லிபாரதம் சௌப்திக பருவத்தோடு நின்றுவிடுகிறது. ஸ்திரீ பருவத்துக்கு அது போகவில்லை. திரௌபதியம்மன் திருவிழாப் படுகளத்தில், மண்ணால் சமைத்த துரியோதனன் உருவத்தருகே காந்தாரி வேடமிட்டவர் ஒப்பாரி வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. வேடமிடுபவர் கூத்துமரபுப்படி ஓர் ஆண். அங்கும் அவளுக்கு அழுகை இருக்கிறது, வழக்கு இல்லை.

மீண்டும் நாடகத்தின் முடிவுக்கு வருகிறேன், ஏனென்றால் என் குறை அங்கேதான் கூர்மை பெறுகிறது. ஐந்தாம் அங்கத்தில் திருதராட்டிரனோடும் குந்தியோடும் காந்தாரி காட்டுத்தீயில் மாண்டுபோகிறாள். அதன்பிறகே கண்ணனின் மரணம், அவளுடைய சாபத்தின் நிறைவேற்றம். அந்த இறுதிப் பகுதியில் மேடையில் கூடுபவர்கள் அசுவத்தாமன், சஞ்சயன், யுயுத்சுவின் ஆவி, வேடனாக வந்து அம்பெய்த கிழவன். கடவுள் இறந்துவிட்டால் இனி உலகின் பொறுப்பு யாருடையது என்று அவர்கள் விவாதிக்கிறார்கள். ஒவ்வொரு மனித மனத்தின் படைக்கும் ஆற்றலிலும் துணிவிலும் அந்தப் பொறுப்பு இனி வாழும் என்று கண்ணன் சொல்லிப்போனதாகக் கிழவன் தெரிவிக்கிறான். தடுக்கக்கூடியவன் பொறுப்பேற்க வேண்டும் என்று நாடகத்தில் முதலில் சொன்னவள் காந்தாரி. கடைசியில் பாரதி வந்தடையும் தத்துவம், அவள் கண்ணன்மீது சாட்டியதையே எல்லா மனிதர்மீதும் விரித்துச் சொல்வதுதான். அந்தத் தத்துவத்தைத் தொடங்கிவைத்தவளின் பெயர் அந்த விவாதத்தில் அதன் ஆசிரியையாக ஒருமுறைகூட எடுக்கப்படவில்லை. சாபமிட்ட தாயாக அவளை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவள் கேட்ட கேள்வியைத்தான் நான்கு ஆண்கள் இப்போது தங்களுடையதாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.